நாமளா, நாங்களா?

எங்கள் கடை வாசலில் நிற்கிற அக்காவைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

சோப்பிலிருந்து சோபா வரைக்கும் விற்கிற பெரிய கடை. நான் பில் போடுகிறேன். பில்லை வாங்கிக்கொண்டு வெளியே போகிற எல்லோரும் அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். பில்லைப் பார்ப்பார், பைக்குள் பார்ப்பார், பில் மேல் பேனாவால் ஒரு கீறல் போடுவார். கடையில் அவருக்கு ஸ்கேனர் அக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் மெஷின்கூட அவ்வளவு சரியாகப் பிடிக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரகசியத்தைச் சொன்னார்.

"பையை எவ பார்க்கறா? மூஞ்சியைத்தான் பார்க்கறேன். பையில தப்பா ஒண்ணும் இல்லாதவன் வாசலைப் பார்ப்பான். எப்படா வெளிய போவோம்னு இருப்பான். இருக்கறவன் என்னைப் பார்ப்பான். அதுவும் சிரிச்சுக்கிட்டே."

அன்று சாயங்காலம் முழுக்க நானும் முகங்களையே பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான்!

சிக்கல் என்னவென்றால், இந்தத் திறமையை அக்கா கடையிலேயே விட்டுவிட்டுப் போவதில்லை. வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டுக்கு மேல் மாடிதான் அவர் வீடு, அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் இரண்டில் பெரியவள் வயிறு வலிக்கிறது என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பார், பக்கம் மாறினால் பள்ளிக்கூடம்தான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டிட லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அக்கா மட்டும் அதில் ஏறியதே இல்லை.

"ஊரே என்னை நம்பி லிஃப்ட்ல ஏறுது, என் பொண்டாட்டி மட்டும் படியில வர்றா. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று அவர் என்னிடமே புலம்பியிருக்கிறார்.

"உங்களைத்தான் நம்பறேன், கயிறை நம்பல" என்று படியிலிருந்தே பதில் வந்தது.

இப்படிப்பட்ட அக்கா ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ஏய், எங்க வீட்ல என்னமோ நடக்குது."

"என்னக்கா?"

"நேத்து நான் உள்ள நுழையறேன், மூணு பேரும் ஹால்ல உக்காந்திருக்காங்க. டிவி ஓடல."

"அதனால?"

"ரெண்டு புள்ளைங்க இருக்கற வீட்ல டிவி ஓடலைன்னா என்ன அர்த்தம்? அப்புறம் அவரு, நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சிரிச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"இதையும் கேளு. பெரியவ வந்து கேக்கறா, 'அம்மா, உனக்கு என்னிக்கு லீவு இல்ல?'ன்னு. என்னிக்கு லீவுன்னு கேக்கறது புள்ள. என்னிக்கு லீவு இல்லைன்னு எந்தப் புள்ளைடி கேக்கும்?"

"உங்களுக்கு ஏதாவது சர்ப்ரைஸா இருக்கும்க்கா."

"பொறந்த நாள் போயே மாசக்கணக்காச்சு. அன்னிக்கே எவனும் திரும்பிப் பார்க்கல. இப்ப என்ன சர்ப்ரைஸு?"

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தார். திறப்பதற்கு முன்னால் மூடியை மோந்து பார்த்தார். காலையில் அவரே கட்டியதுதான்.

இந்த இடத்தில் கடல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். நாத்தனாரிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது, அவரே ஓட்டுவார். மூன்று தடவை கிளம்பியும் இருக்கிறார்கள். முதல் தடவை, கேஸை மூடவில்லையோ என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. பாதி வழியில் திரும்பினார்கள். மூடியிருந்தது. அடுத்த தடவை வாசல் பூட்டு. பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை டிக்கியிலிருந்து டொக் டொக் என்று சத்தம், சக்கரம் கழலப் போகிறது என்று சாலையோரம் எல்லோரையும் இறக்கிவிட்டார். கடைசியில் பார்த்தால் சின்னவன் ஒளித்து வைத்திருந்த மிட்டாய் டப்பா உருண்டுகொண்டிருந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான், திரும்பிவிட்டார்கள்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது சின்னவனால்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா அவனை மடியில் உட்கார வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகம் வெட்டும்போதுதான் அவன் ஓட முடியாது. விரலைக் கொடுத்துவிட்டு அவன் பாட்டுக்குக் கேட்டான்.

"அம்மா, நாங்க கடலுக்குப் போனா உனக்குச் சிப்பி எடுத்துட்டு வரவா? பெருசா?"

நகவெட்டி நின்றுவிட்டது.

இதை அக்கா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நிஜமாக! 'நாம' என்று சொன்னால் கேட்கிறவரும் உள்ளே. 'நாங்க' என்று சொன்னால் கேட்கிறவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று. ஆறு வயதுப் பையனுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனால் அவன் ஒரு நாளும் தப்பாகச் சொல்ல மாட்டான்.

அக்கா குரலை உயர்த்தாமல் கேட்டார். "நாமளா, நாங்களாடா?"

"நாங்கதான்" என்றான். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க."

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நாத்தனார் அக்காவைப் பார்த்தார். சிரித்தார். முடிந்தது கதை.

"என்னிக்குக் கிளம்பறீங்க?" என்றார் அக்கா.

"எங்க அண்ணி?"

"கடலுக்கு."

வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒன்றும் ஆகாத மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அதை விடுங்க. சொல்லுங்க, நாமளா, நாங்களா?"

"என்னம்மா இது, இலக்கணப் பரீட்சையா?"

"ஆமா. பதில் சொல்லுங்க."

அவர் ரெகுலேட்டரிடமே சொன்னார். "நாங்கதான். வர்ற சனிக்கிழமை. உனக்கு டூட்டி இருக்குல்ல."

"டூட்டி இருக்கறதாலயா, இல்ல டூட்டி இருக்கற நாளாப் பார்த்தா?"

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணி, கோச்சுக்காதீங்க. என் கார் கடல் பக்கம் போனதை விட உங்க வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான் அதிகம். அதுக்கே வழி மனப்பாடம் ஆயிடுச்சு."

இதற்கெல்லாம் அக்காவிடம் பதில் இருந்தது. அப்புறம் பெரியவள் பேசினாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. கணக்கை விளக்குகிற மாதிரி சொன்னாள்.

"அம்மா, நீ வந்தா நாம கிளம்புவோம். ஆனா போய்ச் சேர மாட்டோம். நீ வரலைன்னா நாங்க போய்ச் சேர்ந்துடுவோம். அவ்ளோதான்."

அக்கா எழுந்து போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினார்.

மறுநாள் கடையில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பில்லை வாங்குவார், கீறுவார், கொடுப்பார். நான் சோதித்துப் பார்க்க ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பில் இல்லாமல் அவரைத் தாண்டிப் போனேன், சிரித்துக்கொண்டே. அவருக்குத் தெரியவில்லை! பயந்துபோய்த் திரும்பி வந்தேன்.

"அக்கா, என்ன ஆச்சு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். நான் அவருக்காகக் கோபப்பட்டேன். எப்படிச் சொல்லலாம், பெற்ற அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று கத்தினேன்.

"கத்தாதே. அவ சொன்னது தப்பா இருந்தா நானே சண்டை போட்டிருப்பேன். சரியா இருக்கே, என்ன பண்றது?" கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வரேன்னு சொன்னா புள்ளைங்க மூஞ்சி சுருங்கிடும். அதை நான் பார்க்க வேண்டி வரும். வரலைன்னா அவங்க கடலைப் பார்க்கறப்ப எப்படி இருப்பாங்கன்னு நான் பார்க்க முடியாது. முதல் தடவை பார்க்கறது ஒரு தடவைதானே?"

அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லும் முகம், திருட்டு முகம், வயிற்றுவலி முகம் எல்லாமே அக்காவுக்கு அத்துப்படி. கடலைப் பார்க்கிற முகம் மட்டும் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டது வீட்டுக்காரரிடம் இல்லை, நாத்தனாரிடமும் இல்லை. பெரியவளிடம்.

"டூட்டியை மாத்திக்கறேன். நானும் வரலாமா?"

பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடை வாசலில் அக்கா பார்க்கிற அதே பார்வை.

"'நிறுத்துங்க'ன்னு சொல்லக் கூடாது. வழியில ஒரு தடவைகூட."

"சரி."

"வீட்டை அப்பா பூட்டுவாரு. நீ முதல்லயே கீழே வந்து கார்ல உக்காந்துடணும்."

"சமையல்கட்டு?"

"அதையும் அப்பாதான் பார்ப்பாரு."

அக்கா எச்சில் விழுங்கினார். "சரி."

"திரும்பிப் பார்க்கக் கூடாது!" என்றான் சின்னவன்.

போனில் விஷயம் கேட்ட நாத்தனார், "காருக்கு அடியில குனிஞ்சும் பார்க்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாராம்.

சனிக்கிழமை காலை நான் வேண்டுமென்றே கீழே போய் நின்றேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளேயிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும், நடுவில் அக்காவும் வந்தார்கள். லிஃப்டில்! கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார், ஆனாலும் வந்தார். நேராகப் போய்ப் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. கண் தானாக அந்தப் பக்கம் போனபோது கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்து சாவியைப் பாக்கெட்டில் போட்டார். இழுத்துப் பார்த்தீர்களா என்ற கேள்வி அக்காவின் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அங்கேயே நின்றுவிட்டது.

மீதியை அக்கா அப்புறம் சொன்னார்.

போன தடவைகளில் திரும்பிய இடம் ஒன்று இருக்கிறது, பெரிய பாலத்துக்கு முன்னால். அந்த இடம் நெருங்க நெருங்கக் காரில் பேச்சு நின்றுபோயிற்று. எல்லோரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். டிக்கியில் ஏதோ டொக் என்றது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடி டொக். சின்னவன், "அது என் டப்பாதான்மா" என்று காதோரம் சொன்னான்.

அப்போது முன்னால் சாய்ந்து பெரியவள் கேட்டாள்.

"அப்பா, கேஸை மூடினீங்களா?"

"மூடினேன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா!" பெரியவள் குரல் கீச்சிட்டது. "அத்தை, நிறு..."

பாதி வார்த்தையில் வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் வேகத்தைக் குறைத்தார். பாலம் எதிரே தெரிந்தது. எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். நாத்தனார் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அக்கா அன்று சமையல்கட்டுப் பக்கமே போகவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார், போகவில்லை.

அவர் யாரையும் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி, எப்படா போய்ச் சேருவோம் என்று இருக்கிறவர் மாதிரி சொன்னார்.

"நான் பார்த்தேன். மூடியிருக்கு. நாம போலாம்."

பெரியவள் அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் சீட்டில் சாய்ந்து, "அத்தை, போங்க" என்றாள்.

போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அக்கா சொல்ல ஆரம்பித்தார், முடியவில்லை, பில் கீறப் போய்விட்டார். அக்காவுக்குச் சிப்பி மட்டும் கிடைக்கவில்லையாம். கேட்டதற்குச் சின்னவன், "நீயே எடுத்துக்கோ. நீதான் வந்துட்டியே" என்று சொல்லிவிட்டானாம்.

இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் இன்னொன்று தெரியும். அன்று பாலத்தைத் தாண்டி இருப்பார்கள், என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பைக்கு அடியில் மறைத்து ஒற்றை விரலால் அடித்தது, பாதி எழுத்து இல்லை. 'மேல போய் வாசல்ல மோந்து பரு. கேஸ் வடை வருதா. பூட்ட இழுத்து பரு.' நான் மூச்சு வாங்க ஏறினேன், கதவிடுக்கில் மூக்கை வைத்தேன், பூட்டில் தொங்கினேன். 'ஒண்ணும் வரல, பூட்டியிருக்கு' என்று பதில் போட்டேன். உடனே ஒன்று வந்தது. 'நல்லா மோந்தியா?'

இரண்டு நாள் கழித்து லிஃப்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரியவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு எங்கம்மா உங்களுக்கு மெசேஜ் ஏதாவது அனுப்பினாங்களா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பக்கம் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது.

நான் லிஃப்ட் கதவைப் பார்த்தேன்.

"இல்லையே, ஏன்?"

"சும்மாதான்" என்றாள். லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள். கதவு மூடுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.