பச்சை வண்டியின் ஒரு நடை

சின்னப்பராஜ் இடுப்பளவு ஆழமுள்ள டேங்கருக்குள் இறங்கி, தென்னந்துடைப்பத்தால் அடிப்பகுதியைத் தேய்த்தார். சுவரெங்கும் வழவழவென்று கரும்பச்சைப் படலம். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகத்துக்குள் ஏறிக்கொண்டது.

"என்னா சின்னப்பா, உள்ளாற ஞானஸ்நானமா?"

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர் ராஜாமணி வெளியே நின்று சிரித்தார்.

"நீயும் எறங்கு. ஒனக்கும் ஒரு பேரு வெச்சி அனுப்புறேன்."

"வெளையாட்டு இருக்கட்டும். இதுலயா குடிக்கிற தண்ணி ரொப்பப் போற?"

சின்னப்பராஜ் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். இரண்டாவது முறையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். கண் எரிந்தது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருபது வருடம் கரும்பு லாரி ஓட்டினார். முட்டி தேய்ந்த பிறகு எந்த லாரிக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. திண்டிவனத்தில் ஒரு காண்ட்ராக்டர் இந்த டேங்கரைக் கொடுத்தார். கல்லூரிச் சாலையின் இருபுறமும் வேம்பும் புங்கனுமாக அறுநூறு கன்றுகள். அவற்றுக்குத் தண்ணீர் விடத் தினமும் இரண்டு நடை. இரண்டு வருடத்தில் அவர் லீவு போட்டது மூன்று நாள்.

கல்லூரிப் பகுதியைப் பசுமைப் பகுதியாக்க நகராட்சி சில விதிகள் போட்டிருந்தது. மரங்களுக்கு நல்ல தண்ணீர் விடக் கூடாது, சுத்திகரித்த கழிவுநீர் மட்டுமே. அதை ஏற்றும் வண்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுத வேண்டும். அந்த வண்டியில் குடிநீர் ஏற்றினால் காண்ட்ராக்ட் ரத்து. கல்லூரிச் சாலையில் பாட்டில் தண்ணீரும் பாக்கெட் தண்ணீரும் விற்கக் கூடாது. நல்ல விதிகள்தான். முதல் வருடக் கோடையில் ஒரு கன்று கூடக் காயவில்லை.

காண்ட்ராக்டரிடம் குடிநீருக்கென்று ஒரு நீல வண்டியும் இருந்தது. முந்தின நாள் மயிலம் ரோட்டில் அதன் அச்சு முறிந்தது. கல்லூரிப் பெண்கள் விடுதியின் போர்வெல் வற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலையில் காண்ட்ராக்டர் போன் செய்திருந்தார்.

"பச்சை வண்டிய ஜல்தியா கழுவிட்டு நல்ல கெணத்துல ரொப்பிக்கினு போங்க."

"வேணாம் சார். வேற வண்டி சொல்லுங்க."

"விழுப்புரத்துலருந்து வரணும். நாளைக்கிதான் வரும். பொண்ணுங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க."

"சாக்கடத் தண்ணி அடிச்ச வண்டி சார் இது."

"பிளீச்சிங் போட்டா எல்லாம் செத்துப்பூடும். முடியாதுன்னா சாவிய வெச்சிட்டுப் போங்க. அந்த முட்டிய நம்பி எவன் வண்டி குடுக்கிறான்னு பார்க்கிறேன்."

மூன்று முறை கழுவினார். கிணற்றில் நிரப்பினார். பச்சை பெயின்ட் தெரியாமல் மேலே தார்ப்பாய் கட்டினார். வழியில் முடிச்சைச் சரிபார்க்க இரண்டு முறை இறங்கினார்.

விடுதி வாசலில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். வார்டன் கலையரசி தொட்டி மூடியை அவரே தூக்கினார்.

"வாங்கண்ணே. தண்ணி லாரி வருதான்னு பார்த்துப் பார்த்தே இதுங்களுக்குக் கழுத்து நீண்டுபோச்சு."

"எனக்கு மட்டும் சுளுக்கு மேடம்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

சின்னப்பராஜ் ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் விட்டு வால்வைத் திறந்தார். பைப் ஒருமுறை உதறியது. முதலில் காற்று. பிறகு, கருப்பாக, கொழகொழவென்று ஒரு குடம் அளவுக்குத் தொட்டிக்குள் விழுந்தது. அதன் பின்னால் தெளிந்த தண்ணீர் வந்தது. அந்தக் கருப்பைக் குனிந்திருந்த அவர் மட்டும்தான் பார்த்தார்.

டேங்கரை மூன்று முறை கழுவியிருந்தார். முப்பது அடி ஹோஸைக் கழுவவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் ஹோஸைக் கழுவுவதில்லை. சுருட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத் தண்ணீர் அதற்குள் தங்கியிருந்தது.

வால்வை மூடினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"தொட்டிய ஒருவாட்டி கழுவி ஊத்திடலாம் மேடம். அடில தூசி இருக்குது."

கலையரசி குனிந்து முகர்ந்தார். தொட்டியிலிருந்து பிளீச்சிங் நெடி குப்பென்று வந்தது. அவர் முகம் தெளிந்தது.

"நல்லா மருந்து போட்ட தண்ணிதான். போன வருசம் வந்ததுல இந்த வாசனையே இல்ல. நாளைக்கிப் பரீட்சைண்ணே. இதுங்க இன்னும் பல்லு கூட வெளக்கல. திறந்து விடுங்க."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தார்ப்பாயை ஒரு முழம் விலக்கினால் அதுவே போதும். காற்றில் தார்ப்பாயின் ஓரம் படபடத்தது. சின்னப்பராஜ் போய் அதை இழுத்துக் கட்டினார். திரும்பி வந்து வால்வைத் திறந்தார். பெண்கள் தொட்டியில் குடங்களை இறக்கினார்கள். ஒருத்தி அங்கேயே சொம்பில் மொண்டு அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் விடுதியிலிருந்து பதினேழு பேரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்கு நாடி தளர்ந்திருந்தது. பரீட்சை நடந்தது. காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ஒன்பதரை மணிக்குச் சின்னப்பராஜ் நகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் போய், எந்த வண்டி, எந்தக் கிணறு, எந்த ஹோஸ் என்று சொன்னார். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு மணிக்கு வண்டிக்கு சீல் வைத்தார்கள். போலீஸ் வரும்வரை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அன்று கன்றுகளுக்கு யாரும் தண்ணீர் விடவில்லை.