பொட்டலத்தின் மேல் எழுதியது

பதிவுபெற்ற நூலகரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று எங்கள் தீவு நூலக நிர்வாகம் சொல்லிவிட்டது. பதினாறு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள் நான். மெயின்லேண்டிலிருந்து வந்த பதிவுப் படிவத்தைப் பத்துபஸ்தியில் என் வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். எல்லாம் ஓடியது, ஒரு கேள்வியைத் தவிர: 'பணியில் நீங்கள் செய்த ஒரு தவறையும் அதில் கற்றதையும் எழுதுக.'

உடன் வேலை பார்க்கும் தெலுங்குப் பெண் சிரித்தாள். "அரே தீதி, ஏதோ புக்குக்கு நம்பர் தப்பா போட்டேன்னு எழுதுங்க. பஸ், அவ்ளோதான், முடிஞ்சது."

எனக்குக் கை வரவில்லை. என் தவறு எனக்குத் தெரியும்.

வெளித் தீவு வாசகர்களுக்கு நாங்கள் புத்தகத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறும் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். இறங்குமிடத்தில் மாறிப்போகாமலிருக்க, மேலே வாசகர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதுவது வழக்கம். பெருமையாகவே எழுதுவேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெண் போனில் குரலைத் தாழ்த்தி ஒரு புத்தகம் கேட்டாள். தோட்டக் குடும்பத்துப் பெண். தீவைச் சொல்ல மாட்டேன். புத்தகத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன்: விவாகரத்துச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல எழுதி அனுப்பினேன். எங்கள் கப்பல்களில் படிக்க வேறென்ன இருக்கிறது? டெக்கில் இருந்தவர்களெல்லாம் படித்திருக்கிறார்கள். அவள் கைக்குப் போகுமுன் சேதி அவள் மாமியாருக்குப் போய்விட்டது.

மறுவாரம் போன் வந்தது. "அக்கா, இனிமே எனக்குப் புக்கு அனுப்பாதீங்க. வீட்ல தெரிஞ்சிருச்சு." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். பொட்டலம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. வெட்கத்தில் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

படிவத்தில் என் பங்கை மட்டும் எழுதினேன்: வாசகர் ரகசியமாகக் கேட்ட நூலின் பெயரை ஊரறிய வெளியே எழுதினேன். மெயின்லேண்டிலிருந்து பதில் வந்தது: 'விவரம் போதாது. வாசகர் யார் என்பதைக் குறிப்பிட்டு, அவருடைய உறுதிக் கடிதத்தை இணைக்கவும்.'

"பேரைப் போட்டா என்ன தீதி? மெயின்லேண்ட்ல யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தெலுங்குப் பெண். யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட நினைக்காமல்தான் நான் அன்று எழுதினேன். கடிதம் கேட்டு நான் எழுதினால், அதுவும் அதே கப்பல் ஜெட்டியில் இறங்கி அதே வீட்டுக்குத்தான் போகும்.

கெடு நேற்றோடு முடிந்தது. நான் எதையும் இணைக்கவில்லை. நிரந்தரம் இனி எனக்கு இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

இன்று காலை ஜெட்டிக்கு மூன்று பொட்டலங்கள் அனுப்பினேன். மேலே வாசகர் பெயர் மட்டும். அந்தத் தோட்டக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் அவற்றில் இல்லை. நான்கு வருடமாக இல்லை.