அம்மா மட்டும் கேட்ட குப்பி

எங்கள் ஊர்க் கரையில் கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் போன் சில நேரம் ஒரு சத்தம் போடும். எடுத்துப் பார்த்தால், இந்தியா உங்களை வரவேற்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருக்கும். தலைமன்னார்ப் பக்கத்தில் இது எல்லாருக்கும் பழகிய கதைதான். அக்கரைக் கோபுரத்தின் சிக்னல் கடல் தாண்டி வந்து போனைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த அந்தக் கணமே இன்ரநெற் நின்றுவிடும்.

நான் பிறந்தது அக்கரையில், ஓர் அகதி முகாமில். ஆறாம் வகுப்பு வரை படித்ததும் அங்கேதான். சண்டை முடிந்து, எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்து, கடதாசிகள் சரிவந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். இந்தப் போன் மட்டும் ஒரு கடதாசியும் இல்லாமல் அங்கே போய்ப் போய் வருகிறதே என்று அப்பாவுக்குச் சிரிப்பு. என்னைக் கரையில் கண்டால், "என்ன தம்பி, இப்ப இந்தியாவிலயோ இலங்கையிலயோ?" என்று கேட்டுக்கொண்டு போவார்.

தொற்றுநோய்க் காலத்தில் பல்கலைக்கழகத்தை மூடி, விரிவுரைகளை ஒன்லைனுக்கு மாற்றியிருந்தார்கள். பனைகளுக்கு நடுவிலிருந்த எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. அதனால்தான் அந்த வள்ளம் எனக்கு வகுப்பறையானது. அங்கேயும் விரிவுரையாளரின் ஆங்கிலம் பாதியும் காற்று பாதியுமாகத்தான் காதில் விழும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவனே நான்தான். புரியவில்லை என்று போய்க் கேட்க வீட்டில் ஆளில்லை. புள்ளிவிபரவியலில் முதல் தடவை தவறிவிட்டேன். இரண்டாம் தடவையும் விட்டால் கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

என்ஜினைக் கழற்றிப் போட்டு எண்ணெய்க் கையோடு இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "உழைக்கத்தான் வேணுமெண்டால் நாங்கள் அங்கேயே இருந்து உழைச்சிருக்கலாம். உங்கட படிப்புக்கெண்டுதான் வந்தனாங்கள். பிறகு உன்ர விருப்பம்."

விருப்பம் என்று அவர் விட்டதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

எங்கள் பட்ச்சுக்கு ஒரு வட்ஸ்அப் குறூப் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, பகிடிப் படம், கிரிக்கெற் சண்டை, அவற்றுக்கு இடையில் எங்கேயோ பாடக்குறிப்பு. எல்லாருக்கும் எல்லாம் விளங்குகிறது, நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்று ஒரு நாள் தோன்றியது. குறூப்பை விட்டு வெளியேறினேன். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எங்கள் பட்ச்சில் படிக்கும் மலையகத்துப் பிள்ளை. முதலாம் வருடத்தில் என் முகாம் தமிழையும் அவளுடைய தோட்டத் தமிழையும் சேர்த்து மற்றவர்கள் பகிடி பண்ணியதில் நண்பர்களானவர்கள் நாங்கள்.

"ஏன் குரூப்ப விட்டுப் போன? சிக்னலா, சண்டையா?"

"எனக்குப் படிப்பு ஓடேல்ல. நான் நிப்பாட்டப் போறன்."

"எனக்கு மட்டும் ஓடுதாக்கும்! இங்க சிக்னலுக்காக மலையேறி, தேயிலைக்குள்ள அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு நிக்கிறேன். ஒனக்குக் கடல் காத்து வாங்கிக்கிட்டே படிக்கக் கசக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு நிப்பாட்டுகிற கதையைத் தொடர முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் குப்பி என்று ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும்போது, விளங்கியவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்து, விரிவுரையாளர் சொன்னதைச் சொந்தப் பேச்சில் சொல்லிக்கொடுப்பது. காசில்லை, நன்றி சொல்வதுகூட இல்லை. அந்தக் குப்பியை அவள் எனக்காக வட்ஸ்அப்பில் வைத்தாள். வீடியோ எனக்கு இறங்காது என்பதால் எல்லாம் குரல் பதிவுகள். சிக்னல் வருகிற நேரம் அவை சேர்ந்தாற்போல் வந்து விழும். நடுநடுவே, "இரு, அட்டை ஏறுது" என்றும் கேட்கும். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது.

பிறகு ஒரு நாள் அவள் என்னைத் திரும்பக் குறூப்பில் சேர்த்துவிட்டு, எல்லாரும் பார்க்க எழுதினாள்: புள்ளிவிபரவியல் திரும்ப எழுதுகிறவர்களுக்கு, நியம விலகல் பாடத்தில் அடுத்த குப்பி மன்னார்க்காரர் வைப்பார். கைதட்டும் கைகள் வரிசையாக வந்து விழ, மறுக்க வழியில்லாமல் போயிற்று.

அன்று பின்னேரம் வள்ளத்தில் ஏறி, குறூப் அழைப்பில் எல்லாரும் வந்ததும் போனைக் காதோடு வைத்துக்கொண்டு தொடங்கினேன். "ரெண்டு வள்ளம் கடலுக்குப் போகுது. சராசரி பாத்தால் ரெண்டுக்கும் ஒரே அளவு மீன்தான். ஆனால் ஒண்டு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே அளவு கொண்டு வரும். மற்றது இண்டைக்கு வெறுங்கை, நாளைக்கு வள்ளம் நிறைய. சராசரி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதைச் சொல்லத்தான் நியம விலகல்." வாய் தானாக ஓடியது. சமன்பாடு, உதாரணக் கணக்கு என்று கடைசிவரை போய், "விளங்குதோ?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விளங்குது. முதல் வள்ளக்காரனுக்குத்தான் பொம்பிளை குடுக்கலாம்."

திடுக்கிட்டுத் திரும்பினேன். கையில் ஈர்க்கு விளக்குமாறோடு நின்றார்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"நீ தொடங்கேக்கயே வந்தனான். மகன் கடற்கரையில ஒரு பெட்டையோட மணிக்கணக்காக் கதைக்கிறானெண்டு மூலை வீட்டு அக்கா சொன்னவ. பாத்தால் மீன் கணக்கு! ஆருக்கடா சொல்லுறாய்?"

போனைப் பார்த்தேன். இந்தியா என்னை வரவேற்றிருந்தது. அழைப்பு எப்போதோ அறுந்துபோய், நான் கடலைப் பார்த்துப் பாடம் எடுத்திருக்கிறேன்.

பனைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போனதும் இலங்கை திரும்பி வந்தது. குறூப்பில் செய்திகள் குவிந்து கிடந்தன: மச்சான் எங்கே, மன்னார்க்காரர் மூழ்கிவிட்டாரா? மறுபடியும் எல்லாரும் சேர்ந்தார்கள்; மறுபடியும் இரண்டு வள்ளங்களையும் கடலில் இறக்கினேன். இந்தத் தடவை அம்மாவின் மாப்பிள்ளைக் கதையையும் சேர்த்தேன். சிரிப்புச் சத்தத்தில் போன் அதிர்ந்தது. முதல் முறை நான் தாண்டி ஓடிய இடங்களில் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லும்போதுதான் சில இடங்கள் எனக்கே தெளிந்தன.

"முந்திச் சொன்னதிலும் பாக்க இப்ப வடிவாச் சொன்னாய்" என்றார் அம்மா, விளக்குமாறைத் தோளில் சாய்த்தபடி.

பல்கலைக்கழகம் திறந்ததும் பரீட்சை எழுதினேன். நியம விலகலில் ஒரு பெரிய கேள்வி வந்தது. மூன்றாவது தடவையாகச் சொல்வதுபோல எழுதிக்கொண்டே போனேன்.

பெறுபேறு வெளிவந்தபோது விடுமுறையில் வீட்டில் நின்றேன். பட்டியலைக் குறூப்பில் போட்டிருந்தார்கள், எனக்குத் திறக்கவில்லை. கரைக்கு ஓடினேன். மீன் தெரிந்து பிரித்துக்கொண்டிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பட்டியலுக்கு முன்னால் அவளுடைய குரல் வந்துவிட்டது: "பாஸ்டா! ஒனக்கும் எனக்கும்! வள்ளத்த விட்டு எறங்கு."

அப்பாவுக்கும் கேட்டது. "அப்ப கட்டார்?" என்றார்.

"இல்லை அப்பா."

"ம்" என்றுவிட்டுக் குனிந்தவர், நல்ல மீன்களாகப் பொறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "கொம்மா கருவாடு போடட்டும். அந்தப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டாமோ?"

அன்று அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குரல் பதிவு அனுப்பினார். பட்டனை நான் அழுத்திப் பிடித்தேன். போனை நம்பாமல், மலையகம் வரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்தினார்: "பிள்ளை, கருவாடு வருது! அட்டை கவனம்!"