ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டைம்டேபிள்

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். போன வாரம் இல்ஃபோர்டுக்கு வீடு மாற மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, சான்றிதழ் ஃபைலுக்குள்ளிருந்து நழுவி விழுந்தது. மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ‘கிறிஸ்துமஸ் விடுமுறை 2009’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். கீழே கட்டங்கள்: நாள், ஊர், பஸ் நேரம், தங்குமிடம். திங்கள் ஆம்ஸ்டர்டாம், புதன் கொலோன், வெள்ளி பாரிஸ், ஞாயிறு லண்டன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அரசு விடுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்த அட்டவணையும் இதே போலத்தான் இருக்கும். எதையும் கட்டம் போட்டு எழுதிவிட்டால் பாதி முடிந்த மாதிரி என்று நம்பிய காலம் அது. எங்கள் வீட்டில் கட்டம் போட்டு எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

அப்போது லண்டனில் படிக்க வந்து, கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின் மாடியில், கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் சின்ன அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரரை எல்லோரையும் போல நானும் அண்ணை என்றே கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, மகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்கு வயரிங் செய்வது தொழில். சுவரில் அடையாளம் போட ஒரு தட்டைப் பென்சில் எப்போதும் காதில் செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட அதோடு கிளம்பி, வாசலில் அக்கா பிடுங்கி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா என்பது அவர் மனைவி. என்னைக் கண்டால் அண்ணைக்குக் கேலி வந்துவிடும். “என்ன சார், இண்டைக்கு டைம்டேபிளில சிரிக்கிற நேரம் இல்லையோ?” என்பார்.

கல்லூரி மூன்று வாரம் மூடியது. ஒரு மாதம் அலைந்து விசா வாங்கி, மலிவான பஸ் டிக்கெட்டுகளைத் தேடிப் பிடித்து, இந்தத் தாளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். நான் எங்கே இருப்பேன் என்று வீட்டில் யாருக்காவது தெரிய வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். இரண்டு வாரம் அங்கேயே இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணை இரண்டு கல்யாணக் கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தது. மகளின் கல்யாணம் அந்தக் கோடையிலேயே நடந்திருக்க வேண்டியது. மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு தெரிந்த வீடு எல்லாமே இழவு வீடாக இருந்ததால் தைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

“போஸ்டில போட்டா அது வெறும் பேப்பர், தம்பி. கையில குடுத்தாத்தான் சொன்ன மாதிரி. ஒண்டு கொலோனில தங்கச்சிக்கு. மற்றது பாரிஸில பெரியண்ணைக்கு.” இரண்டாவதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு அக்காதான் விளக்கினார். அண்ணையை ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு எடுத்ததே அந்தப் பெரியண்ணைதான். ஆனால் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வரும்போது அண்ணை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. “அவர் வராட்டி இவர் சபையில என்னெண்டு நிமிர்ந்து நிக்கிறது? நாள் முழுக்க வாசலைத்தான் பாத்துக்கொண்டு நிப்பார்” என்றார் அக்கா. ‘கவலைப்படாதீங்கக்கா, பத்திரமா கொடுத்துடுறேன்’ என்று நான் வாக்குக் கொடுத்தேன். பத்திரமாகக் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்தேன்.

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஆம்ஸ்டர்டாமில் யாரையும் தெரியாது; இரண்டு நாளும் கால்வாய்களில் ஒரே பாலத்தைத் திரும்பத் திரும்பக் கடந்ததுதான் நினைவிருக்கிறது. கொலோனில் அண்ணையின் தங்கை, பஸ் நிலையத்துக்கே வந்து கூட்டிப்போனார். முகம் அண்ணையின் முகமேதான். மதியம் சாப்பாடு முடிந்து கார்டை நீட்டினேன். இரண்டு கையாலும் சந்தோஷமாக வாங்கி, பிரிக்கப் போனவர், “பெரியண்ணை வீட்ட போயிட்டுத்தானே வாறீர்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“இல்லக்கா. பாரிஸ் வெள்ளிக்கிழமை. டிக்கெட் அப்படித்தான் கிடைச்சுது.”

உறையைப் பிரித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. “அப்ப எனக்குத்தான் முதலோ?”

“ஆமாக்கா!” பரிசு விழுந்த செய்தியைச் சொல்வது போலச் சொன்னேன்.

அவர் கார்டைப் பிரிக்கவேயில்லை. சாமித் தட்டில், விளக்கின் பக்கத்தில் அப்படியே வைத்தார். அதன் பிறகு அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறியது. தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டுவிட்டேனா, காலணியைத் தவறான இடத்தில் கழற்றிவிட்டேனா என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் பேராலயத்தைச் சுற்றிக் காட்டினார். நான் படம் எடுக்கும்போதெல்லாம் கோட்டுப் பையில் கைவிட்டபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறும்போது, “தம்பி, அவர் கேட்டால் சொல்லும். கேக்காட்டி நீராச் சொல்லாதையும்” என்றார். எதை என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. பாரிஸ் வரை அந்த ‘எதை’யைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாரிஸ் பெரியவர் கண்டிப்பானவராக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் இறங்கியதும் தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்து என் கழுத்தில் சுற்றினார். ஐந்தாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது மூச்சு வாங்கியபடி, “இந்தியாவில படிகள் இல்லையோ? இளைக்கிறது நீர்தான்” என்று கேலி செய்தார். அதே குரல், அதே கேலி. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். கை கழுவி வந்து, லண்டன் அக்கா சொல்லித்தந்தபடி இரண்டு கையாலும் கார்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கை நீண்டது. கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

“எப்ப லண்டனில இருந்து வெளிக்கிட்டனீர்?”

அவர் கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லலாம் அல்லவா? “ஞாயித்துக்கிழமைங்க. ஆம்ஸ்டர்டாம் போயிட்டு, கொலோன்ல அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துட்டு, நேரா இங்கதான் வர்றேன்.” சொன்னதோடு விடாமல் தாளையும் எடுத்து நீட்டினேன். என் திட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

நீண்ட கை கார்டைத் தொடாமல் தாளை வாங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இதை என்ர தம்பி பாத்தவனோ?”

“ஆமாங்க. ரெண்டு வாரமா ஃப்ரிட்ஜ்லதான ஒட்டியிருந்துச்சு.”

தாளை மடித்தபடியே திரும்ப மடித்துத் தந்தார். “கார்டை நீரே வைச்சிரும். உம்மில பிழையில்லை, தம்பி. நல்ல பிள்ளை நீர்.” அவ்வளவுதான். மறுநாள் ஈபிள் கோபுரத்துக்கு அவரே கூட்டிப்போனார். சுட்ட செஸ்ட்நட் வாங்கித் தந்தார். அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரைச் சிரிப்போடு, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாதவன் போல நிற்கிறேன்.

லண்டனில் கதவைத் திறந்ததும் அண்ணை, “என்ன சார், ஐரோப்பா முடிஞ்சுதோ?” என்றார். நான் கார்டை மேசையில் வைத்தேன். “வாங்கலண்ணே.” நடந்ததைச் சொன்னேன். அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, மூத்தவருக்கல்லோ முதல் சொல்லுறது! உங்கட ஊரில இல்லையே?”

இருக்கும். எனக்குத்தான் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி. ஊர்க் கல்யாணங்களுக்கு யார் யாரிடம் எந்த வரிசையில் போய்ச் சொன்னார்கள் என்பதைப் பார்க்க நான் அங்கே இல்லை. எங்கள் சொந்தத்தில் கார்டு அடிப்பதும் கிடையாது. அடித்தால் படிக்க ஆள் வேண்டுமே. அப்பா எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லிவிட்டு வருவார். முதலில் யார் வீட்டுக்குப் போனீங்க என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பட்டம் வாங்கப் போகிறவன், ஒரு குடும்பத்தின் ஒன்பது வருடக் காத்திருப்பை பஸ் டிக்கெட்டின் வரிசையில் அடுக்கிவிட்டேன்.

அண்ணை என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் போனார். தாள் இருந்த இடத்தில் காந்தம் மட்டும் இருந்தது. அதை விரலால் ஒருமுறை நகர்த்தி வைத்தார். பிறகு கதவைத் திறந்து பாலை எடுத்தார். “தேத்தண்ணி குடியும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணையும் அக்காவும் புதுக் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அண்ணை நேரே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அக்கா மட்டும், “மூத்தவர் கதவைத் திறந்தவர்” என்றார். மேலே கேட்க எனக்குத் துணிவில்லை.

கல்யாணத்துக்குப் பெரியவர் வந்தார். சாம்பல் நிற கோட், முன்வரிசை. தாலி கட்டும்போது எழுந்து முதல் ஆளாக அட்சதையாய் அறுகரிசி போட்டார். அண்ணை அன்று ஒருமுறைகூட வாசலைப் பார்க்கவில்லை. நான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் தோளைத் தட்டினார் பெரியவர். “என்ன தம்பி, இந்தமுறை எந்த வழியால வந்தனீர்?” சிரிப்பதா வேண்டாமா என்று நான் முடிவெடுப்பதற்குள் போய்விட்டார். பந்தியில் உட்காராமல் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. மிச்சச் சாப்பாட்டைக் கட்டும்போது அண்ணை சொன்னார்: “வந்தவர்தானே.” அக்கா சொன்னார்: “கை நனைக்கேல்லையே.” இரண்டும் உண்மை. அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிட்டார்களா என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

போன வாரம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். மாலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பேனாவில் எழுதிய கட்டங்களுக்கு ஓரமாக, காகிதம் சற்றுத் தேய்ந்து பளபளத்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தடித்த பென்சிலால் ஒரு அம்பு. பாரிஸ் வரியில் தொடங்கி, கொலோனைத் தாண்டி, ஆம்ஸ்டர்டாமைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கிறது. போட்டு, பிறகு ரப்பரால் அழுத்தி அழித்திருக்கிறது. என் அறையில் பென்சிலே கிடையாது.

அம்பு போட்டவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏன் அழித்தார் என்பதுதான் புரியவில்லை. பிள்ளை டிக்கெட் வாங்கிவிட்டானே என்றா? ‘நீ எனக்குக் கடைசிதான்’ என்று அண்ணனுக்கு ஒருமுறை காட்டிவிடவா? அல்லது கார்டு திரும்பி வந்தால் தானே நேரில் போக வேண்டியிருக்கும், போய்விடலாம் என்றா? கிங்ஸ்பரி ஒன்றும் தூரமில்லை, போய்க் கேட்கலாம். கேட்டால், “என்ன சார், இன்னும் அந்த டைம்டேபிளோ?” என்பார்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். அன்று பாரிஸில், பெரியவர் இதைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பியது, வயதான கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை என்பதால்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.