ஐரிஷ் தெரியாத அயர்லாந்துக்காரர்

இன்று மதியம் மக்ரூன் வாங்கக் கடைக்குப் போனேன். புதுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் இன்ஜினியர் அங்கே நின்றிருந்தார். அயர்லாந்துக்காரராம்.

என் அப்பாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து இங்கே பஞ்சு மில் வேலைக்கு வந்தவர். அவர் பேசிய ஐரிஷ் மொழியை மூன்று மாதமாக இசைத்தட்டுப் போட்டுப் படிக்கிறேன். பேசிப் பார்க்கத்தான் ஆளில்லை.

துணிந்து, "ஜீயா குவிட்" என்று வணக்கம் சொன்னேன்.

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த நிறத்தில் ஓர் ஐரிஷ்காரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். "அது செத்த பாஷை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் அடித்து அடித்துச் சொல்லித் தந்தார்கள்."

"வெள்ளக்காரன் என்னளா சொல்லுதான்?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"நான் ஐரிஷ்காரி கிடையாதாம் அண்ணாச்சி."

காது கொதித்தது எனக்கு. "சரி, என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் என்ன?" என்று இன்ஜினியரைக் கேட்டேன்.

அவர், "குட் ஆஃப்டர்நூன்" என்றார்.

"கடவுளும் மாதாவும் உன்னோட இருக்கட்டும்னு சொல்லணும் அண்ணாச்சி. இவருக்கு மறந்துபோச்சு."

"மாதா பேரையா மறந்தான்? நீ சொல்லிக் குடு. சொன்னாத்தான் அவன் வாங்குன பொட்டலத்தக் குடுப்பேன்."

மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. கழுத்தெல்லாம் சிவக்க, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

நாக்குக்கும் தோல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அவர் கப்பல் வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் நிற்கிறது. போய்ச் சொல்லிவிடலாம்.