பம்மல் பட்டறை வரலாற்றில் நான்

பிள்ளைகளே, பம்மலில் ஒரு சின்ன மண்பாண்டப் பட்டறை இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதி வரச் சொல்லியிருந்தார் என் மகளின் டீச்சர். துணைக்குப் போன நான், அங்கே கவிழ்த்து வைத்திருந்த தொட்டியை முக்காலி என்று நினைத்து உட்கார்ந்தேன். அது காயாத பச்சை மண். பள்ளமாக அமுங்கிவிட்டது.

பட்டறையை நடத்தும் அக்கா இனி வரலாறு ஒன்றும் சொல்ல மாட்டார் என்று மகள் அழுதாள்.

பட்டறைக்கார அக்கா, சேறான என் பேண்ட்டைப் பார்த்தார். "இன்னா சார், சேர் கேட்டா குடுத்திருப்பேனே! அழுவாத பாப்பா, எழுதிக்கோ. எங்க மாமனார் பட்டறைய ஆரம்பிச்சாரு. வெள்ளம் வந்துச்சு, தாங்கிச்சு. அப்பால உங்கப்பா வந்தாரு."

அந்தத் தொட்டியையும் காயவைத்துச் சூளையில் சுட்டு, கவிழ்த்தபடியே வாசலில் வைத்தார். நான் உட்கார்ந்த பள்ளத்தில்தான் இன்று தெருநாய்கள் தண்ணீர் குடிக்கின்றன. அந்தப் பக்கம் போனால் நின்று பார்ப்பேன். அவர் திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன்.