நூல் விடாத அடுக்கு

வெண்ணந்தூர் சென்னியம்மாளுக்குப் பட்டுப்புழு என்றால் உயிர். அவள் வீட்டுக்காரர் காளியண்ணனுக்கோ அதைக் கண்டாலே உடம்பு கூசும். இந்தப் பேட்ச் கெட்டுப்போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடுவதென்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

கூடு கட்டும் பருவத்துக்குப் பழுத்த புழு தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி ஆட்டும். நாள் வந்தும் ஒன்றுகூட ஆட்டவில்லை. பந்தியை விட்டு எழாத சம்பந்தி வீட்டாரைப் போலத் தின்றுகொண்டே இருந்தன. நாலு நாளாக மூடாப்பும் குளிருமாக இருந்ததால் தாமதமோ என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். கூடு கட்ட விடும் சந்திரிகைத் தட்டுகளைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் உயிர்வேதியியல் படிக்கும் மகள் வெண்ணிலாவுக்குப் போன் போட்டு, புழு தின்றுகொண்டே இருப்பதைச் சொன்னாள்.

"இலைச்சத்து புழு வயித்துல அமினோ அமிலமாகும்மா. அதுல கிளைசின், அலனின்னு ரெண்டு பொடிசு. பொடிசா இருக்கறதால நெருக்கி அடுக்க முடியுது. அதான் பட்டு நூலுக்கு அவ்வளவு பலம்."

"அதெல்லாம் சரி சாமி. நூல் உடாம போச்சுன்னா?"

"உள்ள தேங்குனா அதுவே அதுக்கு விஷம்மா. இலைல பூச்சி மருந்து ஏதாச்சும் பட்டுச்சா? சில மருந்து துளி பட்டாலும் இப்படித் தின்னுட்டே கெடக்கும்."

காளியண்ணன் இரண்டு நாளாகப் புழு வளர்க்கும் செட்டுப் பக்கமே வராதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனாள்.

"ஏனுங்க, உங்க வயித்துலயும் என்னமோ தேங்கிக் கெடக்குது. சொல்லிப்போடுங்க."

அவர் துண்டை முறுக்கினார். "மொளகாய்க்கு மருந்தடிச்ச டேங்கைச் சரியாக் கழுவாம, அதுலயே மல்பெரிக்குச் சத்துத் தண்ணி அடிச்சுப்போட்டேன் புள்ள. கெணத்தோர வரிசைக்கு மட்டுந்தான். மரவள்ளிக்காக வேணும்னே செஞ்சேன்னு நெனைச்சுக்குவியோன்னு பயமாப் போச்சு."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட நேரமில்லை. கிணற்றோர இலை புழுப் படுக்கையின் கீழடுக்குக்குத்தான் போயிருந்தது. மிச்சக் குவியலை வாரி வெளியே கொட்டிவிட்டு மேலடுக்கையே பார்த்தபடி நின்றாள்.

சாயங்காலம் மேலே ஒரு புழு தலையைத் தூக்கியது. பிறகு ஒன்று. அப்புறம் அடுக்கு முழுக்கத் தலைகள். கீழடுக்கு மட்டும் தின்றுகொண்டே இருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

பழுத்ததை உடனே பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலையில்லை. திரும்பினால், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக் கையோடு காளியண்ணன் நின்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு புழுவை இரண்டு விரலால் தூக்கினார்.

"அமுக்காதீங்க," என்றாள் சென்னியம்மாள். "அதுக்குள்ள நூல் இருக்குதுங்க."